ஹலோ குண்டூசி

உலகத்தில் என்னைக் குண்டூசி என்று கூப்பிடுகிற உரிமை ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. என் அக்கா. கட்டிய கணவருக்கே அந்தப் பெயர் தெரியாது. தெரிந்தால் கூப்பிடுவார், கூப்பிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், எதற்கு வம்பு என்று சொல்லாமலே இருந்துவிட்டேன். சின்ன வயதில் நான் வத்தல். உடம்பில் சதை கிடையாது, வாயில் மட்டும் கூர்மை. யார் எது சொன்னாலும் சுருக்கென்று ஒன்று திருப்பிக் கொடுப்பேன். "பார்த்துப் பேசுங்க, குத்திடும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் அக்கா எச்சரிப்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

அந்த அக்காவும் நானும் பேசி வருஷக்கணக்காகிறது. காரணம் எங்கள் அம்மாவின் சாவு. அம்மா அக்காவோடு இருந்தாள், நான் ஓர் இரவுப் பயண தூரத்தில் இருந்தேன். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாட்களில் அக்கா எனக்கு ஒரு போன் பண்ணவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அத்தான்தான் கூப்பிட்டார். அடித்துப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அம்மாவின் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது, அம்மாவைப் பார்க்க முடியவில்லை.

"ஏன்க்கா என்னைக் கூப்பிடல?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்தானே, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடுவான்னு நெனச்சேன்டி. உன்கிட்ட சொன்னா பதறிடுவே. உன் நல்லதுக்குத்தான் மறைச்சேன்."

நல்லதுக்குத்தான்! அந்த வார்த்தையை என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை. வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். அவளும் சளைத்தவள் இல்லை, அவளும் கொட்டினாள். அந்தச் சண்டையில் நான் கேட்க நினைத்த ஒன்றை மட்டும் கேட்கவே இல்லை: கடைசி நாட்களில் அம்மா என்னைக் கேட்டாளா? கேட்டாள் என்றாலும் தாங்காது, கேட்கவில்லை என்றாலும் தாங்காது. அக்கா கடைசியாகச் சொன்னது இதுதான்: "சரிங்க. இனிமே உங்களை நாங்க தொந்தரவு பண்ணமாட்டோம். நீங்க நிம்மதியா இருங்க." உங்களை. நீங்க. எங்கள் வீட்டில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. கோபம் தலைக்கேறினால் அக்கா மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை காலையில் அவள் முகவரியிலிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது.

நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். புதன்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஆனால் என் வேலைக்கு விடுமுறை கிடையாது, அந்த வாரம் வரவேண்டியவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்தே நினைவூட்டி மெயில் அனுப்பவேண்டும். ஹாலில் ஜன்னலோரம், துணி மடிக்கிற மேசையின் ஒரு பாதியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது. கணவர் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பிப் போனதும் அதைப் போட்டேன். முதல் வரிசையில் அக்காவின் முகவரி.

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மெயிலில் இருந்தது இவ்வளவுதான்:

ஹலோ குண்டூசி, இந்தப் புகைப்படத்தில் இருப்பது நீங்கள் தானா? தயவுசெய்து பார்க்கவும்.

கீழே ஒரு படம் இணைக்கப்பட்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு நான் என்னவெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். குண்டூசி என்று எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் மனசு இறங்கிவிட்டது. நீங்கள் என்று எழுதியிருக்கிறாள். அப்படியென்றால் கோபம் இன்னும் தீரவில்லை. தயவுசெய்து என்பது வேறு! அந்தத் தயவுசெய்துவில் எவ்வளவு குத்தல் பாருங்கள். இறங்கிவரவும் வேண்டும், இறங்கிவந்தது தெரியவும் கூடாது. அச்சு அசல் என் அக்காதான், வேறு யாருக்கும் இப்படி எழுத வராது என்று முடிவுகட்டினேன். சந்தேகமே வரவில்லை.

பழைய ஆல்பங்கள் எல்லாம் அவளிடம்தான் இருக்கின்றன. என்ன படமாக இருக்கும்? ஒரே துணியில் அம்மா எங்கள் இருவருக்கும் தைத்துக்கொடுத்த சட்டையோடு நிற்பதா? முன்பல் விழுந்த வாயோடு நான் அழுவதா? அம்மாவும் அதில் இருப்பாளா? அந்தப் படம் எனக்கு உடனே வேண்டும் என்று இருந்தது. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கத் தோன்றவில்லை.

படத்தைத் தட்டினேன். 'இதைத் திறக்க அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்டது. ஆம். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. என் அக்கா விஷயத்தில் என்னிடம் நிச்சயமா என்று கேட்க இது யார்? ஆம், ஆம், ஆம் என்று தட்டினேன். ஒரு கறுப்புப் பெட்டி திரையில் வந்தது, கண்சிமிட்டுகிற நேரத்தில் போய்விட்டது. படம் வரவில்லை. திரும்பத் தட்டினேன். திரும்பவும் அதே பெட்டி. நானும் விடுவதாக இல்லை. ஏழெட்டு முறையாவது தட்டியிருப்பேன்.

சரி, படம் வரும்போது வரட்டும், முதலில் பதில் எழுதிவிடுவோம் என்று 'அக்கா' என்று அடித்தேன். அதற்கு மேல் ஓர் எழுத்து நகரவில்லை. மவுஸை இந்தப் பக்கம் இழுத்தால் அம்புக்குறி அந்தப் பக்கம் போயிற்று. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற விசிறி ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்த ஆரம்பித்தது. தெரியாத விளம்பரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அத்தனைக்கும் அடியில் 'அக்கா' மட்டும் மாட்டிக்கொண்டு நின்றது.

சாயங்காலம் முதல் போன் வந்தது. வீட்டு ஓனர்.

"ஏம்மா, சுவராணின்னா யாரும்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர். அந்த வயிற்றெரிச்சலில் என் போனில் அவர் எண்ணையும் மெயில் முகவரியையும் அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தேன். அது என் போனுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

"எனக்கு உங்க மெயில் வந்திருக்கு. ஹலோ சுவராணி, இந்தப் புகைப்படத்தில் இருப்பது நீங்கள் தானான்னு கேட்டிருக்கீங்க. என்னம்மா படம் அது? நான் எங்கேயும் போகலையே!"

எதையோ சொல்லிச் சமாளித்து வைத்தேன். உடனே அடுத்த போன், எங்கள் பல் டாக்டர். நோயாளியிடம் வாயைத் திறங்க என்று சொல்லிவிட்டுத் தன் வாயைத் திறந்து கொட்டாவி விடுகிற பழக்கம் அவருக்கு. "ஹலோ கொட்டாவின்னு வந்திருக்கும்மா," என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "நான் அவ்வளவு விடறேனா?"

அதற்குப் பிறகு நோயாளிகள். நான் நோயாளிகளைப் பெயர் போட்டுப் பதிவதில்லை. ஒரே பெயரில் நாலு பேர் வருவார்கள், பல் மட்டும் ஒன்றுபோல இன்னொன்று இருக்காது. ஆகவே கீழ்க்கடைவாய், ஆடும் பல், பாதி உடைஞ்சது என்றுதான் என் பட்டியல் போகும். 'ஹலோ மேல்வரிசை பல்செட்' என்ற மெயிலைத் திறந்தது அந்த மனிதருடைய மனைவி. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு மாசம்தான் ஆகிறது. அந்த மனிதர் போனில் என்னைத் திட்டவில்லை, அழுதார்.

கடைசியாக மாமியார். "ஹெட் ஆபீஸ்னா யாரு, நானா?" என்றார்.

"அது வந்து அத்தை..." என்று இழுத்தேன்.

"பரவாயில்ல, பெரிய இடமாத்தான் போட்டிருக்கே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இன்றுவரை அது பாராட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடிக் கடைக்காரர் அல்லவா, எதைக் கேட்டாலும் லென்ஸ் மாற்றிப் பார்க்கிற மாதிரிதான் கேட்பார். "யாரோ உன் போனைத் திருடியிருக்காங்களா, இல்ல கம்ப்யூட்டர்ல ஏதாவது புகுந்திருக்கா? எது சரியாத் தெரியுது?"

"எனக்கு எதுவும் தெரியல. மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

அக்காவின் மெயிலைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஆனால் அதனால்தான் இது என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அக்கா எழுதிவிட்டாள், அந்த நேரம் பார்த்து இந்தச் சனியன் பிடித்த கம்ப்யூட்டர் காலை வாரிவிட்டது என்றுதான் அவரிடம் புலம்பினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டேன், காலையிலேயே மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு வயரைப் போட்டுக்கொண்டு, டாக்டர் தோரணையில்தான் வீட்டுக்குள் நுழைவார். வந்ததும் முதல் வேலையாக இணைய வயரைப் பிடுங்கினார்.

"எதைத் தொட்டீங்க?"

"நான் எதையும் தொடலையே."

"இந்தத் தொழிலுக்கு வந்ததுலேருந்து தொட்டேன்னு சொன்ன ஒருத்தரை நான் பார்த்ததில்லைங்க. அதுவா வந்துச்சு, அதுவா ஆயிடுச்சு. சரி, கடைசியா எதைத் திறந்தீங்க?"

"எங்க அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தா. அதைத்தான்."

காட்டச் சொன்னார். காட்டினேன், எட்டு தடவை தட்டியும் திறக்கவில்லை என்றேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது படமே இல்லைங்க. இதுதான் வைரஸ். படம் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வருது. ரெண்டு வாரமா எனக்கு இதே கேஸ்தான். ஒரு தடவை தட்டினாலே போதும், நீங்க என்னங்க, எட்டு தடவை வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டிருக்கீங்க!"

"எங்க அக்கா எதுக்கு எனக்கு வைரஸ் அனுப்பணும்?"

"அவங்க எங்க அனுப்பினாங்க? அவங்க கம்ப்யூட்டர்லயும் இது புகுந்திருக்கு. புகுந்தா, உள்ள இருக்கற முகவரிக்கெல்லாம் அதுவே எழுதி அதுவே அனுப்பிடும். இந்த மெயிலை உங்க அக்கா எழுதலைங்க. மெஷின் எழுதினது. பாருங்க, நீங்கள் தானா, தயவுசெய்து பார்க்கவும். கூடப் பிறந்தவங்க யாராவது இப்படி எழுதுவாங்களா? அதுக்கு நீ, நீங்கன்னு வித்தியாசம் தெரியாது. எல்லாருக்கும் நீங்கதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாம் மனிதர் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது, இருந்தும் வந்துவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் நான் அந்த ஒற்றை நீங்களைப் பிடித்துக்கொண்டு அக்காவின் மனசை அளந்துகொண்டிருந்தேனே! கோபம் இவ்வளவு, பாசம் இவ்வளவு என்று பங்கு போட்டேனே! மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவளுக்கு எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை. கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மெக்கானிக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்த பிறகுதான் ஒன்று தட்டுப்பட்டது. "அப்போ குண்டூசி?" என்று கேட்டேன்.

"என்னது?"

"ஹலோ குண்டூசின்னு இருக்கே. மெஷினுக்கு அந்தப் பேர் எப்படித் தெரியும்? என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

கணவர் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

"அதுவா," என்றார் மெக்கானிக். "அது சொந்தமா யோசிக்காதுங்க. அவங்க உங்களை எந்தப் பேர்ல பதிஞ்சு வெச்சிருக்காங்களோ, அதை அப்படியே எடுத்து ஹலோவுக்குப் பக்கத்துல போட்டுக்கும். அதான் உங்க ஓனருக்கும் டாக்டருக்கும் அப்படிப் போயிருக்கு. உங்க போனும் கம்ப்யூட்டரும் ஒரே கணக்குதானே?"

நான் அவர் பேசியதில் பாதியைத்தான் கேட்டேன். அக்கா என்னைக் குண்டூசி என்றே வைத்திருக்கிறாள். அப்படிச் சண்டை போட்ட பிறகும், இத்தனை வருஷமாகியும்! இதற்குள் எத்தனை போன் மாற்றியிருப்பாள். ஒவ்வொரு முறையும் பழையதிலிருந்து புதியதற்கு என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். என்னை அழிக்கவும் இல்லை, தங்கை என்று மாற்றவும் இல்லை, என் முழுப்பெயரைப் போட்டு மூன்றாம் மனுஷி ஆக்கவும் இல்லை. இதை மெஷின் எழுதவில்லை. இது அவள் கையால் வைத்தது. எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அந்த மெயிலை மட்டும் அழிச்சிடாதீங்க," என்றேன்.

"அதுதாங்க விஷமே! அதை வெச்சுக்கிட்டு மத்ததைக் கழுவி என்ன பிரயோஜனம்?"

"படத்தை எடுத்துட்டுப் போங்க. அந்த முதல் ரெண்டு வார்த்தை எனக்கு வேணும்."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் தன் போனை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்து, கவனமாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். "தெளிவா வந்திருக்கு. இப்போ அழிச்சுக்கலாம்," என்றார். அந்த மனுஷனை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன், அந்த நிமிஷம் அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மெக்கானிக் தன் பென் டிரைவைச் செருகிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். பாஸ்வேர்டையெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில் மாற்றக்கூடாது, கணவரின் போனிலிருந்து மாற்றுங்கள் என்றார். மாற்றினோம். பிறகு அதே போனில், என் கணக்கிலிருந்து யார் யாருக்கு அது போயிருக்கிறது என்று பட்டியலை எடுத்தார். "இவங்க எல்லாருக்கும் நீங்க போன் பண்ணிச் சொல்லணும். மெயில்ல சொன்னா நம்பமாட்டாங்க, மெயில்லதானே வினையே வந்துச்சு. வாயால சொல்லணும், அதைத் தொடாதீங்கன்னு." பெயர்களைப் படித்துக்கொண்டே போனார். கீழ்க்கடைவாய், சிசிடிவி, ஆடும் பல், ஹெட் ஆபீஸ். சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கியது. திடீரென்று நிறுத்தினார்.

"எடுக்காதேன்னு ஒருத்தருக்குப் போயிருக்கே. யாருங்க அது, கடன் கேக்கறவரா?"



எடுக்காதே என்பது என் அக்கா.

அந்தச் சண்டை முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று வைத்த பெயர். வெறுப்பில் வைக்கவில்லை, பயத்தில் வைத்தேன். அவள் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அக்கா என்ற வார்த்தை திரையில் வந்தால் போதும், என் கோபம் ஒரு நொடி நிற்காது. எனக்கு நானே போட்ட உத்தரவு அது. அவள் கூப்பிடுவாள், நான் எடுக்கமாட்டேன், திரும்பக் கூப்பிடுவாள், அப்போதும் எடுக்கமாட்டேன், பத்தாவது தடவை எடுப்பேன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அந்தப் பெயர் அங்கேயே கிடந்தது.

அவள் என்னைக் குண்டூசி என்று வைத்திருக்க, என்னிடமிருந்து அவளுக்குப் போன முதல் வார்த்தை 'ஹலோ எடுக்காதே'. நான் அவளை என்ன பெயரில் வைத்திருக்கிறேன் என்று புரிந்துகொள்ள அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் வீட்டுக்கும் ஒரு மெக்கானிக் வருவார். அவரும் விளக்கிச் சொல்வார்.

"எங்க அக்கா," என்றேன்.

மெக்கானிக் கழுத்து வயரைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார்.

"முதல்ல அவங்களைக் கூப்பிடு," என்றார் கணவர்.

முதலில் கூப்பிடவில்லை. பட்டியலில் மற்ற எல்லோரையும் கூப்பிட்டேன். ஓனரிடம் மன்னிப்புக் கேட்டேன், டாக்டரிடம் கேட்டேன், அழுத மனிதரிடம் இரண்டு முறை கேட்டேன், அவர் மனைவியிடம் அது ஆள் மாறிப்போன மெயில் என்று ஒரு பொய் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரியை போனில் கூப்பிடுவானேன் என்று நேரில் போய்ச் சொன்னேன். அவள்தான் சிசிடிவி, எல்லாம் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் பாக்கி இருந்தது. கணவர் இன்னும் கடைக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் விடட்டும், அதுதான் எனக்கு ஏற்ற தண்டனை என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டாள்.

"சொல்லு," என்றாள்.

ஒரே வார்த்தை. சொல்லுங்க இல்லை, சொல்லு. "என்கிட்டேருந்து உனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். வைரஸ் அது. திறந்துடாதே," என்று ஆஸ்பத்திரி மேசையில் பேசுகிற குரலில் சொன்னேன்.

"திறக்கலையே. நீதான் மேலேயே எழுதிட்டியே, எடுக்காதேன்னு."

நான் மேசையில் கிடந்த துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"எனக்கு மகன் பேர்ல வந்துச்சு, அவன்தான் ஏதோ படம் அனுப்பியிருக்கான்னு எழுதியிருந்ததைப் படிக்காமலே திறந்து தொலைச்சுட்டேன். நாத்தனார் பேர்ல வந்தது, அதையும் அப்படியே திறந்தேன். எல்லாம் நாசமாப் போச்சு. உன்னோடது ஒண்ணைத்தான் தொடல. எடுக்காதேன்னு எச்சரிக்கை பண்ணி அனுப்பியிருந்தியே. இத்தனை வருஷம் கழிச்சு முதல் வார்த்தையே என்னைக் காப்பாத்தறதா இருக்கேன்னு..." மூக்கை உறிஞ்சினாள். "நேத்திலேருந்து அதையேதான் பார்த்துட்டு இருக்கேன்டி. நீங்கன்னு போட்டிருந்தே. கோபம் இன்னும் இருக்கு, ஆனா மனசு கேக்காம எழுதியிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

அவளும் அதே நீங்களைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

ஆமாக்கா என்று சொல்லிவிட்டால் போதும். அத்தோடு எல்லாம் சுபம். கணவருக்கு போனிலிருந்து அவள் குரல் கேட்டிருக்கவேண்டும், சொல்லிடு, சொல்லிடு என்று கையைக் காட்டினார். எனக்கும் அப்படித்தான் ஆசையாக இருந்தது. ஆனால் அவள் நல்லதுக்கு என்று அவளிடம் ஒன்றை மறைப்பதா? அதே காரியத்துக்காகத்தானே அவளோடு இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன்!

"அக்கா, அது எச்சரிக்கை இல்ல. உன் பேரு," என்றேன். "என் போன்ல உன்னை அப்படித்தான் வெச்சிருக்கேன். நீ கூப்பிட்டா உடனே எடுத்துடுவேன்னு பயமா இருந்துச்சு. எடுக்கக்கூடாதுன்னு எனக்கு நானே எழுதி வெச்சுக்கிட்டது."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"நான் கூப்பிடவே இல்லையேடி," என்றாள்.

எதைச் சொல்கிறாள்? இந்த வருஷங்களையா, அந்த ஆஸ்பத்திரி நாட்களையா? இரண்டையும்தான் சொன்னாள், குரலிலேயே தெரிந்தது.

"ஆமாக்கா. நீ கூப்பிடவே இல்ல."

குத்துவதற்காகச் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் சொன்னேன். அவளும் அழுதாள்.

"போனை வை," என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். "அக்கா..."

"வைன்னா வை. நான் கூப்பிடறேன். எடு."

வைத்தேன். என்ன ஆச்சு என்று கணவர் கேட்டார். போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். மெக்கானிக் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு எழுந்து வாசல் பக்கம் போனார். மணி அடித்தது. திரையில் எடுக்காதே என்று வந்தது. நான் அதே மணியிலேயே எடுத்தேன்.

"குண்டூசி," என்றாள் அக்கா. அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுகிற மாதிரியே மூச்சு வாங்கியது அவளுக்கு. "அம்மாவுக்கு ரொம்ப முடியலடி. உன்னையேதான் கேட்டுட்டு இருக்கா. உடனே கிளம்பி வா."

"இதோ கிளம்பிட்டேன்க்கா," என்றேன்.